உடைந்த துவக்கும் ஊர்க் கொல்லனும்

பழைய துவக்கு ஒன்றின் வில் ஒடிந்துவிட்டால் அதற்கு மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும்? இது கொல்லன் பட்டறைக்குரிய கேள்வி. சரித்திர மாணவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்கே ஒரு சரித்திரம் உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், கண்டி இராச்சியத்தின் ஒரு கிராமத்தில் வாழ்ந்த உழவனிடம் இதைக் கேட்டிருந்தால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிராது. 'மாற்றுப் பாகம்' என்றொரு பொருள் அவனுடைய உலகத்தில் இல்லை. ஒடிந்ததைச் செய்து கொடுக்க ஊரில் கொல்லன் இருந்தான், அவ்வளவே. இன்று அதே கேள்வி நமக்கு இயல்பாக எழுகிறதென்றால் இடையில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது. கொல்லனின் கையிலிருந்து ஏதோ பறிபோயிருக்கிறது. அது என்ன, பறித்தவர் யார், அதனால் நட்டமடைந்தவர் யார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு லிந்துலை மலைப்பகுதி பொருத்தமான களம். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், பழைய டிம்புள தோட்ட மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலைகளில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே தெரிகிறது. ஆனால் இந்த மலைநாட்டின் சரித்திரத்தைத் துருவிப் பார்த்தால் மூன்று வகைத் துவக்குகளைக் காண்கிறோம். ஒன்று கிராமத்தானின் துவக்கு. மற்றொன்று துரையின் துவக்கு. மூன்றாவது பொலிஸ்காரனின் துவக்கு. தோட்டத் தொழிலாளியின் துவக்கு என நாலாவது ஒன்று இல்லை. அந்த இன்மையும் சரித்திரத்தின் ஒரு பகுதியே.

கண்டிக் கொல்லனின் கை

ஈழத் தமிழில் 'துவக்கு' என்கிறோம். தமிழகத்தில் 'துப்பாக்கி' என்கிறார்கள். சிங்களவர் 'துவக்குவ' என்கிறார்கள். மூன்றுக்கும் வேர் துருக்கியச் சொல்லே. ஆயுதமும் அதன் பெயரும் அந்நியர். எனினும் இந்த அந்நியனை இந்நாட்டுக் கொல்லன் வெகு விரைவில் தன் உலைக்களத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவுக்கு வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடியுமுன், 1596இல் வெளிவந்த தம் பயண நூலில், ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்களை உலகிலேயே மிக அழகியவை என்று வியந்து எழுதினார்; அவை வெள்ளி போல் மின்னுவனவாம். புதிய ஆயுதத்தைக் கண்டு மிரண்டு நின்ற மக்கள் அல்லர் இவர்கள். அதைப் பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, திரும்பச் செய்தவர்கள்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த திறமையன்று. மத்திய மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ பகுதியில், பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்புலைகளைத் தொல்லியலாளர் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இச்சரிவுகளில் உயர்ந்த எஃகு உருகியது என்பதை கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் 1996இல் உலகுக்கு அறிவித்தார். வாளும் கலப்பையும் செய்த கை துவக்கையும் செய்தது, அதுவே உண்மை.

கண்டியில் செய்த துவக்குகளுக்கு ஒரு தனிக் குறி உண்டு. ஐரோப்பியத் துவக்குகளில் சுடும் பொறி வலப்பக்கத்தில் அமைந்திருக்கும். சிங்களத் துவக்குகளில் அது இடப்பக்கத்தில் அமைந்திருக்கிறது. அடிக்கட்டையின் வளைவும் அதிலுள்ள தந்த வேலையும் வேறு. வெறும் நகல் செய்பவன் பக்கத்தை மாற்றமாட்டான். பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவனே அதைத் தன் வசதிக்கேற்ப இடம் மாற்றுவான்.

அந்தக் கொல்லன் எப்படி வேலை செய்தான்? 1660இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, 1681இல் நூல் வெளியிட்ட ரொபர்ட் நொக்ஸ் சுவையான ஒரு சித்திரம் தருகிறார். வேலை கொண்டுவருபவனே இரும்பையும் கரியையும் கொண்டுவரவேண்டும். கொல்லன் தன் முக்காலியில் கம்பீரமாக அமர்ந்திருப்பான். துருத்தி ஊதுவதும் பெரிய சம்மட்டியால் அடிப்பதும் வந்தவனின் வேலை. கொல்லன் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சிறு சுத்தியலால் உருவம் கொடுப்பான். கூலி நாணயமாக அன்று. அறுவடைக் காலத்தில் தானியமாக வரும். கருவியை உபயோகிப்பவனும் அதைச் செப்பனிடும் வேலையில் பங்குகொண்டான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தன் மண்வெட்டியும் தன் துவக்கும் எவ்வாறு உருவாகின்றன என்பது அவன் கண்முன் நடந்தது.

அக்காலத்துத் துவக்கு ஒவ்வொன்றும் தனிப்பிறவி. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விநிற்கும் குதிரை, அதனை உந்தும் வில், தீப்பொறி பறக்கும் எஃகுத் தகடு, இவற்றைப் பிணைக்கும் திருகாணிகள் என எல்லாமே அரத்தால் இழைத்து, ஒன்றோடொன்று பொருந்தும்வரை மீண்டும் மீண்டும் தேய்த்துச் செய்தவை. ஒரு துவக்கின் குதிரை இன்னொரு துவக்குக்குப் பொருந்தாது. ஒரே கொல்லன் ஒரே மாதத்தில் செய்த இரண்டுக்கிடையேகூடப் பொருந்தாது. ஆகவே ஒன்று ஒடிந்தால், அந்த ஒரே துவக்குக்கென்று புதிதாகச் செய்வதன்றி வேறு வழியில்லை. செய்பவனும் செப்பனிடுபவனும் ஒருவனே. ஆக்கமும் பழுது நீக்கலும் இரு தொழில்களாகப் பிரியாத காலம் அது.

இதனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று போற்றிவிடக்கூடாது. கொல்லன் சுதந்திரன் அல்லன். 'கொட்டல்பத்த' என்னும் அரசுப் பகுதியின்கீழ், நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டவன். துவக்கு ஏந்தியவர்களும் 'வெடிக்கார' முதலிய பகுதிகளில் அவ்வாறே கட்டுப்பட்டிருந்தனர். இராஜகாரியம் என்ற அந்த ஊழியமுறையும் அதைத் தாங்கி நின்ற சாதிக் கட்டும் மனிதனின் திறமையைப் பிறப்போடு பூட்டிவைத்தன. கொல்லனின் மகனே கொல்லன். கொல்லனின் அறிவு குலத்துக்கு வெளியே போகாது. எழுத்தில் ஏறாத அறிவு, பரவலாகாத அறிவு, ஒரு சூறைக் காற்றில் அணைந்துவிடக்கூடிய விளக்கு. அந்தச் சூறை வந்தது.

'மாற்றுப் பாகம்' பிறந்த கதை

கண்டிக் கொல்லன் அரமும் கையுமாக இருந்த காலத்திலேயே, உலகின் மறுபக்கத்தில் வேறொரு புரட்சி கருக்கொண்டிருந்தது. 1785இல் ஹொனொரே பிளாங்க் என்ற பிரெஞ்சுத் துவக்குத் தொழிலாளி, பல பொறிகளின் பாகங்களைக் கலந்து குவித்துவைத்து, கைக்கு வந்தவற்றை எடுத்துப் பூட்டச் சொன்னார். அன்று பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் தாமே அவ்வாறு பூட்டிப் பார்த்து வியந்தார். எதற்கும் எதுவும் பொருந்தியது! அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் இம்முறையில் துவக்குகள் செய்து தருவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தார்; சொன்னபடி முழுமையாகச் செய்ய அவரால் முடியவில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் ஜான் ஹால் 1820களில் அதை நடைமுறையில் நிறைவேற்றிக் காட்டினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் இம்முறையைக் கண்டு திகைத்த ஆங்கிலேயர், அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்து என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் நிறுவினர்.

மனித குலத்தின் பெரிய முன்னேற்றங்களுள் இஃது ஒன்று என்பதில் ஐயமில்லை. தையல் இயந்திரம், சைக்கிள், மோட்டார் வண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் தாய் இந்த முறைதான். பல ஆண்டு பயிற்சி பெற்ற கை செய்ததை, சில வாரப் பயிற்சியுடன் இயந்திரத்தருகே நின்றவன் செய்யலானான். பொருள் மலிந்தது. போர்க்களத்திலேயே உடைந்த பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்ட முடிந்தது.

ஆனால் எந்தச் சமுதாயத்தில் இந்த முன்னேற்றம் பிறந்தது, யார் கைக்குள் இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். பாகம் தொழிற்சாலையிலிருந்து வரும்வரைதான் கருவிக்கு உயிர். தொழிற்சாலை அந்த மாதிரியைக் கைவிட்டாலும், கப்பல் வராவிட்டாலும், காசு இல்லாவிட்டாலும் நல்ல கருவி பிணமாகிவிடும். செய்பவன் வேறு, செப்பனிடுபவன் வேறு, உபயோகிப்பவன் வேறு என்றாயிற்று. ஆலையை உடையவனே மூவருக்கும் எசமானன் ஆனான். காலனி நாட்டிலோ ஆலை கடலுக்கு அப்பால் இருந்தது. எனவே 'மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை' என்னும் முறையீடு உலோகத்தைப் பற்றிய முறையீடு மட்டுமன்று. அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் அது.

அரைக் கிரவுண் வரி

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்று ஆண்டுக்குள் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை ஆங்கிலேயர் நெருப்பாலும் பட்டினியாலும் அடக்கினார்கள். கிராமத்தாரின் துவக்குகளைப் பறித்தார்கள். கொலபுறூக் விசாரணைக் குழுவின் சிபார்சைத் தொடர்ந்து 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நன்றே. ஆனால் கட்டிலிருந்து அவிழ்க்கப்பட்ட கொல்லனுக்குச் சந்தை கொடுக்கப்படவில்லை; பர்மிங்ஹாம் சரக்கு கொழும்பில் வந்து இறங்கியது.

பின்னர் 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியவை என்றாயின. கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கோப்பி விலை சரிந்து கருவூலம் வற்றியதும், 1848இல் தேசாதிபதி டொரிங்டன் கடைக்கும் வண்டிக்கும் நாய்க்கும் துவக்குக்கும் வரி போட்டார். துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங். அதாவது அரைக் கிரவுண்.

இந்த வரியின் கொடுமையைச் சற்று நின்று நோக்கவேண்டும். பாட்டன் காலத்துத் துவக்கை, வில் மாற்றி, குழல் தீட்டி, கட்டைக்குக் கம்பி சுற்றிக் காப்பாற்றி வந்தவன் கிராமத்தான். பன்றியும் யானையும் பயிரை அழிக்காமல் இரவில் காவல் காக்க அவனுக்கு அது வேண்டும். இலண்டனிலிருந்து இறக்கிய புதுத் துவக்கை வைத்திருந்த துரைக்கும் அரைக் கிரவுண். தேய்ந்த பழந்துவக்கை வைத்திருந்த குடியானவனுக்கும் அதே அரைக் கிரவுண். சமமான வரி எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1848 ஜூலை இறுதியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். கடஹபொல தேரர் என்ற பிக்கு காவியுடையுடனேயே சுடப்பட்டார். ஆங்கிலேயர் தரப்பில் ஒரு சிப்பாயும் சாகவில்லை. பழுது பார்த்த பழந்துவக்கு, ஆலையில் பிறந்த துவக்கின் முன் நிற்க முடியவில்லை. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். தொங்கியவர்களும் சுடப்பட்டவர்களும் திரும்பி வரவில்லை.

இந்தியாவிலும் இதே நீதிதான். பாளையக்காரர் போர் 1801இல் முடிந்ததும் தென் தமிழகத்தில் கோட்டைகளை இடித்து மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்டு நிற்கவைத்து, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. இலங்கையின் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகருவிச் சட்டமும் துவக்கை அரசின் உரிமத்துக்குள் அடக்கியது. உயிர்கொல்லும் கருவிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆளும் இனத்தின் பொழுதுபோக்குக்கு ஒரு நியாயம், ஆளப்படும் இனத்தின் பயிர்க்காவலுக்கு வேறு நியாயம் என்பதே கண்டிக்கத்தக்கது.

அந்தப் பொழுதுபோக்கு எத்தகையது? பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறக்குமுன் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்று அக்காலத்தவர் பெருமையோடு எழுதிவைத்தனர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855வரை வாழ்ந்த சாமுவெல் பேக்கர், பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவரிடம் தனியாகச் செய்வித்த 21 இறாத்தல் நிறையுள்ள துவக்குடன் இம்மலைகளில் வேட்டையாடினார். வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதென்று டெனென்ட் எழுதுகிறார். குடியானவனின் துவக்குக்கு வரி விதித்த அரசாங்கம் யானையைக் கொன்ற துவக்குக்குச் சன்மானம் வழங்கியது!

லிந்துலையின் மூன்று துவக்குகள்

1869இல் கோப்பி இலையில் பரவிய நோய் சில ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. 1884இல் ரயில் ஹட்டனையும் 1885இல் தலவாக்கலை வழியாக நானுஓயாவையும் அடைந்தது. அந்த ரயில் பாதையின் இருபுறமும், லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் லயன்களில் அடைக்கப்பட்டார்கள்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். தோட்ட முறை, துவக்கு ஆலையின் தத்துவத்தை மனிதருக்குப் பொருத்திய முறை. பிரட்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். ஒருவர் நோயில் விழுந்தால் கங்காணி இன்னொருவரைக் கொண்டுவருவான். எவரும் எவருக்கும் பதிலாகப் பொருந்துவர். ஒப்பந்தத்தை மீறி ஓடிய தொழிலாளியை 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கடன் சீட்டாகிய 'துண்டு' 1921வரை அவர்களைப் பிணித்திருந்தது. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு தீர்மானிக்கலாம் என்று பாகப்பிரிவினை செய்தது. பண்டகசாலையில் உதிரிப் பாகங்களை எண்ணுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

துரைமார் 1900இல் தமக்கென்று தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியத் தோட்டக்காரர்களைக் கொண்ட இத்தன்னார்வப் படை 1949வரை நீடித்தது. தொழிலாளி துவக்கைக் கண்டது வேறு விதத்தில். 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டவிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் குடும்பத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அதே ஆண்டு ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத்தில், வேலைநிறுத்தத்தை அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்து வெறுங்கையராக்கினர். துவக்கு தொழிலாளியின் கைக்கு எட்டிய அபூர்வமான கணம் அது. அவர்கள் அதைப் பறித்தது சுடுவதற்கன்று, சுடாமல் தடுப்பதற்கு. 1977 மே 11ஆம் நாள், தலவாக்கலைப் பகுதியிலுள்ள டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். அப்போது ஆண்டது வெள்ளைக்காரன் அல்லன்.

தொழிலாளியிடம் துவக்கு இல்லை. ஆனால் கொல்லனின் கை அவனிடம் இருந்தது. கவ்வாத்துக் கத்தியையும் முள்ளையும் அலவாங்கையும் தீட்டிக் கொடுத்தவன் அவன். ஆலையில் கொழுந்து அரைக்கும் ரோலரும், பெல்ஃபாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பனியின் 'சிரோக்கோ' உலர்த்தும் இயந்திரமும் ஓயாமல் ஓடுவதற்குக் காரணமானவன் அவன். இயந்திரம் பிரித்தானியாவில் பிறந்தது. அதற்கு இங்கே ஆயுளைக் கூட்டியது தொழிலாளியின் கை. தேய்ந்த அச்சுக்குப் புது உறை போட்டும், உடைந்த பல்லுக்கு வேறு பல் வைத்தும் பருவம் தவறாமல் ஆலையை ஓட்டியவனின் பெயர் எந்தக் கம்பனி அறிக்கையிலும் இல்லை.

காட்சிப் பெட்டியும் பட்டறையும்

கண்டிக் கொல்லனின் கலை இறந்துகொண்டிருந்தபோது அதைப் பதிவு செய்தவர் ஒரு தமிழர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, கிராமம் கிராமமாகச் சென்று இரும்பு உருக்குவோரையும் கொல்லரையும் கண்டு, 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலை வெளியிட்டார். ஓர் இனத்தின் கைத்திறனை இன்னோர் இனத்தில் பிறந்தவர் இவ்வளவு பரிவோடு காத்த செய்தி, இன்றைய வெறுப்புப் பிரசாரகர்களுக்குப் பதிலாக நிற்கட்டும்.

1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது தூக்கிச் சென்ற, கண்டிக் கலைஞர்கள் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்து அணிசெய்த லெவ்கே திசாவையின் பீரங்கி, வேறு ஐந்து பொருள்களுடன் 2023இல் இலங்கைக்குத் திரும்பியது. அவற்றுள் இரண்டு துவக்குகளும் உண்டு. மகிழவேண்டிய நிகழ்ச்சியே. ஆனால் பொருள் திரும்பியது, கை திரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துவக்கைப் பார்த்து வியக்கும் மாணவனுக்கு, அதன் வில்லைச் செய்தது எப்படி என்று சொல்ல இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இக்கேள்வி பழம்பெருமைக்காக எழுவதன்று. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். அந்நியச் செலாவணி வற்றி, ஏப்ரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலையைக் கப்பலேற்றி அந்நியச் செலாவணி தேடித் தந்த ஒரு நாடு, ஒரு சிறு இரும்புத் துண்டுக்குக் கையேந்தி நின்றது. கொழுந்து பறித்தவர்களின் வாழ்வோ முன்னைவிட நலிந்தது. கோப்பிக் காலத்தில் தொடங்கிய சங்கிலியின் கடைசிக் கண்ணி இது.

இன்று ஐரோப்பிய ஒன்றியமே, வாங்கிய பொருளைச் செப்பனிட்டுக்கொள்ளும் உரிமையை வலியுறுத்தி 2024இல் சட்டம் செய்திருக்கிறது. மாற்றுப் பாகத்தைப் பதுக்கிவைத்துப் புதுப் பொருளை விற்கும் முதலாளித்துவத் தந்திரம் அதன் தாயகத்திலேயே வெறுப்புக்குள்ளாகிவிட்டது. நொக்ஸ் கண்ட கொல்லன் பட்டறையில் வாடிக்கையாளன் துருத்தி ஊதினானே, அந்த உறவைக் குலத்தளையும் ஊழியத்தளையும் இல்லாத புதிய வடிவில் மீட்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யவேண்டியது உண்டு. மலைநாட்டுப் பாடசாலைகளில் சரித்திரம் என்றால் தேசாதிபதிகளின் பெயர்வரிசை என்ற நிலை மாறவேண்டும். தோட்டத்து ஆலைகளில் பல்லாண்டு வேலை செய்து ஓய்ந்திருக்கும் முதியவர்களிடம் சென்று, எந்த இயந்திரம் எப்போது பழுதுபட்டது, எதைக் கொண்டு அதைச் சீர்செய்தார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக் கொல்லனிடமும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். இரு ஏடுகளையும் அருகருகே வைத்தால், அங்கே ஒரே கையின் கதை விரியக் காண்போம். துவக்கு அந்தக் கையைப் பலமுறை பிரித்தது. பட்டறை அதைச் சேர்த்துவைக்க வல்லது. உடைந்ததைச் செய்யத் தெரிந்த மக்களை நெடுங்காலம் உடைத்து வைத்திருக்க எவராலும் ஆகாது.